திரை விலகும் முன்பே பாதி வேலை: தமிழ் மேடைக்கு ஒலி வர்ணனை

மேடையில் ஒருத்தி கடிதம் படிக்கிறாள். சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். கணவர் உள்ளே வந்து “தபால் ஏதாவது வந்துச்சா?” என்கிறார். “ஒண்ணும் வரலையே” என்கிறாள். அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு. பார்வையற்ற ரசிகருக்கு இதில் கிடைத்தது இரண்டு வரி வசனமும் காகிதம் கிழியும் சத்தமும்தான். அவள் பொய் சொல்கிறாள் என்பதே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் காதோடு காதாகச் சொல்லலாம். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும், முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார், சொல்பவரும் பாதி நாடகத்தைக் கோட்டை விடுவார்.

இதை ஒருவர் பொறுப்பேற்று, மைக்கில், முன்கூட்டி எழுதிய பிரதியோடு, கேட்க வேண்டியவர் காதில் மட்டும் விழும்படி செய்வதுதான் ஒலி வர்ணனை. கிரிக்கெட் நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லே போதும். புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை.

வர்ணனை பற்றிய கையேடுகள் எல்லாம் ஒரே பாடத்தைச் சொல்லும்: வசனத்துக்கு நடுவில் வரும் இடைவெளியில் பேசு, வசனத்தின் மேல் ஏறாதே. விதி சரிதான். ஆனால் சபா நாடகத்தில் இடைவெளி எங்கே இருக்கிறது? ஒரு நகைச்சுவைக்கு எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். வசனம் நின்ற இடத்தைக் கீபோர்டு நிரப்பிவிடும். ஒரு நாடகத்தின் ஒலிப்பதிவை எடுத்து, யாரும் பேசாத இடங்களை மட்டும் வினாடிக் கணக்கில் குறித்துப் பாருங்கள். காட்சி மாற்றங்களைக் கழித்துவிட்டால், இரண்டு மூன்று வினாடி கொண்ட துண்டுகள்தான் தேறும். அங்கங்கே செருகிச் சமாளித்துவிடலாம் என்று உட்காரும் வர்ணனையாளர் முதல் காட்சியிலேயே திணறிப்போவார். என் கணிப்பில், தமிழ் நாடகத்துக்கு வர்ணனையின் பாதி வேலை திரை விலகும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அதற்கான கருவி முன்னுரை ஒலிப்பதிவு. எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் போய்விட வேண்டும். அரங்கத்திலும் நாடகம் தொடங்கக் கால் மணி நேரம் முன்பு ஒருமுறை, ரசிகர் காதுக்கு வர்ணனையைக் கொண்டுவரும் வயர்லெஸ் ரிசீவர் வழியாக ஓடட்டும். அதில் முதலில் மேடை அமைப்பு, பார்வையாளர் கண்ணில் தெரிகிறபடி இடமிருந்து வலமாக: “இடது ஓரம் வாசல் கதவு, பச்சை வண்ணம் உரிந்தது. நடுவில் மூங்கில் சோபா. வலது ஓரம் சமையலறை, மறைப்பு இல்லை, அடுப்பு தெரியும்.” நடிகரின் இடம் வலம் வேறு, பார்வையாளரின் இடம் வலம் வேறு. யாருடையதை எடுத்துக்கொள்கிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து பாத்திரங்கள்: வயது, உடல்வாகு, உடை, நடை. இங்கே பலரும் சறுக்குவது, கறுப்பாக இருப்பவரை மட்டும் “கறுப்பு” என்று சொல்லி மற்றவர்களின் நிறத்தை விட்டுவிடுவதில். சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் கூடாது.

முன்னுரையின் உண்மையான பயன் மூன்றாவது பகுதியில் இருக்கிறது. நாடகத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்கைகளுக்கு அங்கேயே பெயர் வைத்துவிடுவது. தாத்தா பொய் சொல்லப்போகும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார் என்று வைத்துக்கொள்வோம். முன்னுரையில் அதை இரண்டு வாக்கியத்தில் விளக்கி, “கண்ணாடித் துடைப்பு” என்று பெயரிட்டுவிட்டால், நாடகம் ஓடும்போது அந்த ஒரு சொல்லே போதும். ஒன்றரை வினாடிக்குள் அடங்கிவிடும். இப்படி ஆறேழு பெயர்கள் வைக்கலாம். அதற்கு மேல் போனால் கேட்பவருக்கு நினைவிருக்காது. அந்தத் துடைப்பு பொய்க்கு அடையாளம் என்பதை மட்டும் முன்னுரையில் சொல்லக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கும் சுகம் ரசிகருடையது.

பிரதி எழுதுவதற்கு ஒத்திகையை இரண்டு முறையாவது முழுதாகப் பார்க்க வேண்டும், ஒரு முறையாவது கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கண்ணை மூடினால்தான் எது ஏற்கெனவே காதிலேயே புரிகிறது என்று தெரியும். கதவு கிறீச்சிட்டால் “கதவு திறக்கிறது” என்று சொல்வது வீண். யார் வந்தது என்பதுதான் தேவை. நிதானமாகப் பேசினால் வினாடிக்கு இரண்டு தமிழ்ச் சொல்லுக்கு மேல் போகாது. மூன்று வினாடி இடைவெளி என்றால் ஆறு சொல். அதிலும் அடுத்த வசனம் தொடங்கும் முன் அரை வினாடி மூச்சு விட வேண்டும், ஆக ஐந்து.

இங்கே தமிழ் வாக்கியம் நம் காலை வாரும். வினை கடைசியில் வருவதால், “மேசை மேல் இருக்கும் கத்தியை மெதுவாகக் கையில் எடுக்கிறான்” என்று தொடங்கினால், நடிகர் அன்றைக்கு ஒரு வினாடி முந்திக்கொண்டு பேசியதும் “எடுக்கிறான்” அடிபட்டுப்போகும். கேட்பவரிடம் மேசையும் கத்தியும் இருக்கும், நடந்தது என்ன என்பது இருக்காது. அதனால் முக்கியமானதை முன்னுக்குத் தள்ளி, துண்டு துண்டாக எழுத வேண்டும்: “கத்தியை எடுக்கிறான். மெதுவாக.” பாதியில் வெட்டுப்பட்டாலும் முதல் துண்டு தாக்குப்பிடிக்கும். இலக்கண வாத்தியார் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு வினையிலும் மரியாதை ஒட்டிக்கொண்டு வரும். பண்ணையார் “உட்காருகிறார்”, பண்ணையாள் “நிற்கிறான்” என்று வர்ணனையாளர் சொன்னால், நாடகம் எதைக் கேள்வி கேட்கிறதோ அதையே அவர் காதில் ஓதிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வயதுவந்த பாத்திரங்கள் எல்லோருக்கும் ஒரே விகுதி என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். எல்லோருக்கும் “ஆர்” என்பது பாதுகாப்பு. வில்லன் கொலை செய்யும்போது “குத்துகிறார்” என்பது முதலில் காதுக்கு உறுத்தும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். பிரதியின் போக்கு இடம் கொடுத்தால் எல்லோருக்கும் “ஆன், ஆள்” என்றும் போகலாம். கலந்து கட்டுவது மட்டும் வேண்டாம்.

பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசும்போது வர்ணனை எளிய எழுத்துத் தமிழில் இருந்தால் காது தானாகப் பிரித்துக்கொள்ளும். குரலுக்கும் இதே கணக்கு. மேடையில் பெண் குரல்கள் அதிகம் என்றால் வர்ணனைக்கு ஆண் குரல். உணர்ச்சியைப் பெயரிடாமல் உடலைச் சொல்ல வேண்டும்: “கோபமாகப் பார்க்கிறார்” என்பதைவிட “பல்லைக் கடிக்கிறார்” நல்லது, குறைவான இடத்தில் அதிகம் சொல்லும். கண்ணால் பார்த்துச் சிரிக்கும் நகைச்சுவையை அரங்கம் சிரிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு “அவர் வேட்டி கதவில் மாட்டிக்கொண்டது” என்றால் கேட்பவர் தனியாகச் சிரிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் சிரிக்க மாட்டார்.

பிரதி முடிந்ததும், நாடகம் பற்றி ஒன்றும் தெரியாத பார்வையற்ற ஒருவர் ஒலிப்பதிவோடு சேர்த்துக் கேட்டு, எங்கே புரியவில்லை, எங்கே அதிகம், எங்கே எரிச்சல் என்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, திருத்தத்தில் முக்கால்வாசி ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்றுதான் வரும். பார்வையுள்ள எழுத்தாளர்கள் அளவுக்கு மீறிப் பேசுவார்கள். இந்த வேலைக்குக் கட்டாயம் கூலி உண்டு, ஒளியமைப்பாளருக்குக் கொடுப்பதுபோல. சால்வை போர்த்திவிட்டு அனுப்பும் வேலை இல்லை இது.

முன்பே பதிவு செய்து, காட்சிக்குக் காட்சி ஓடவிட்டால் செலவு மிச்சமாகுமே என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். சினிமாவுக்கு அது சரி, படம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி ஓடும். சபா நடிகர் அன்றைய காலைச் செய்தியை வைத்து இரண்டு நிமிடம் கூடுதலாக அடித்துவிட்டுப் போவார், வசனம் மறந்து ஒரு பக்கத்தைத் தாண்டுவார். நேரடியாக உட்கார்ந்து சொல்பவர்தான் ஈடுகொடுக்க முடியும். காட்சி மாற்றத்தின்போது விளக்கணைந்து இருக்கும் நேரம் அவருக்குக் கிடைத்த வரம். பின்னணி இசைக்காரரிடம் முன்பே பேசி அந்த நேரத்தில் ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொன்னால், அடுத்த காட்சியின் அமைப்பு முழுவதையும் அங்கேயே சொல்லி முடித்துவிடலாம்.

இனி சாமான்கள். இருபது பேருக்கு என்றால் வர்ணனையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று, மாற்றுக்கு ஒன்று, ரிசீவர் இருபத்து நான்கு, ஒற்றைக் காது இயர்போன் அதே எண்ணிக்கை, பஞ்சு உறைகள் அதற்கு இரு மடங்கு. அருங்காட்சியகங்களில் வழிகாட்டிகள் பயன்படுத்தும் வயர்லெஸ் செட் இதற்கு நன்றாகவே பொருந்தும், வாடகைக்குக் கிடைத்தால் வாங்க வேண்டியதில்லை. இரண்டு காதையும் மூடும் ஹெட்போன் கூடாது. மறு காது மேடைக்கு வேண்டும், பக்கத்து சீட்டின் சிரிப்புக்கும் வேண்டும். செல்போன் செயலி வழியாக வைஃபையில் அனுப்பலாம்தான். ஆனால் நூறு பேர் போனும் ஒரே ரூட்டரைத் தேடும் அரங்கத்தில் நடுவில் அறுந்தால் காப்பாற்ற ஆளில்லை. வாங்கும் முன் அந்த அலைவரிசைக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடிகர்கள் சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக்கோடு மோதுமா என்பதைச் சவுண்ட்காரரோடு உட்கார்ந்து முதல் நாளே பார்த்துவிட வேண்டும். மோதினால் வர்ணனை மேடை ஸ்பீக்கரில் கேட்கும். அதைவிடக் கேவலம் வேறில்லை.

வர்ணனையாளர் உட்காரும் இடம்தான் நம் அரங்கங்களில் பெரிய தலைவலி. கண்ணாடி வைத்த அறை இருந்தால் கும்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒப்பனை அறையில் டிவி வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்டர்நெட் வகை சிசிடிவி கேமரா படத்தை அரை வினாடியோ அதற்கு மேலோ தாமதமாகக் காட்டும். மேடையில் அறை விழுந்த பிறகுதான் வர்ணனையாளர் கை ஓங்குவதையே பார்ப்பார். கேமராவிலிருந்து டிவிக்கு நேராகக் கேபிள் போட்டால் அந்தத் தாமதம் பெரும்பாலும் மறைந்துவிடும். வாய்க்கு ஒட்டிய ஹெட்செட் மைக் இருந்தால் ஏசி இரைச்சல் உள்ளே வராது.

டிரான்ஸ்மிட்டரை இயக்கிவிட்டு ஒருவர் ரிசீவரோடு எல்லா வரிசையிலும், பால்கனிக்குக் கீழும், தூண்களுக்குப் பின்னாலும் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் புது பேட்டரி அல்லது முழு சார்ஜ். ‘பாதி இருக்கு, தாங்கும்’ என்று விட்டால் உச்சக்கட்டத்தில்தான் அணையும். ஒலியளவுச் சக்கரத்தில் கூட்டும் பக்கம் எது என்று விரலுக்குத் தெரிய ஒரு கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் போதும். நுழைவாயிலில் கையில் கொடுக்கும்போதே மாட்டிக் காட்டி, சோதனைக் குரல் கேட்கிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் இருக்கைக்கு அனுப்ப வேண்டும்.

தொட்டுப் பார்க்கும் சுற்று என்று ஒன்று உண்டு. நாடகம் தொடங்க ஒரு மணி நேரம் முன், ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், இருபது இருபத்தைந்து நிமிடம். மேடையின் அகலத்தை நடந்தே அளப்பார்கள், சோபாவைத் தொடுவார்கள், புடவையின் சரிகையை விரலால் பார்ப்பார்கள். நடிகர்கள் வரிசையாக வந்து பாத்திரத்தின் பெயரைப் பாத்திரத்தின் குரலிலேயே சொல்ல வேண்டும். இது அலங்காரம் இல்லை. பிறகு நான்கு பேர் சேர்ந்து கத்தும்போது யார் யார் என்று பிரிக்க உதவுவது இதுதான். ஒளியமைப்பு சரிபார்ப்பு முடிந்த பிறகு, நடிகர் ஒப்பனைக்குப் போகும் முன் என்று நேரம் குறிக்க வேண்டும். இல்லையென்றால் மேடை மேலாளர் விரட்டிவிடுவார், அவர் மேல் தப்பும் இல்லை.

தெருக்கூத்தில் இந்தச் சுற்று இன்னும் ருசி. கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, மார்புப்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. விரலுக்கு அவ்வளவு விஷயம் இருக்கிறது. ஆனால் கலைஞர்கள் அவற்றைப் பூஜை செய்து வைப்பவர்கள். கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் எடுத்துக் கொடுப்பதை மட்டும் வாங்க வேண்டும். கண்ணாடி ஓரங்கள் கூர்மையானவை என்றும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் கூத்து தன்னைத் தானே வர்ணித்துக்கொள்ளும் கலை. வேடம் திரைக்குப் பின் நின்று தன் வருகையைத் தானே பாடும், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ‘நீங்கள் யார், எந்த நாடு’ என்று கேட்டு வாங்கிவிடுவான். வர்ணனையாளருக்கு மிச்சம் இருப்பது திரை இறங்கும் கணம், முகத்தின் வண்ணம், சுழன்றாடும் ஆட்டத்தின் வேகம். சலங்கை பேசிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொள்வதுதான் அங்கே நல்ல வர்ணனை.

பரதநாட்டியத்தில் வேறு கணக்கு. ஜதி என்ற தாளச் சொற்கட்டு வரும் இடத்தில் நட்டுவாங்கத்தை அமுக்கக் கூடாது. பதம், வர்ணம் என்ற உருப்படிகளில் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாவம் காட்டுவார். முதல் முறை வரியைக் கேட்க விட வேண்டும். சாகித்தியம் ஏற்கெனவே காதில் இருப்பதால், இரண்டாவது முறையிலிருந்து அதன் மேல் பேசலாம். தொட்டுப் பார்க்கும் சுற்றில் பதாகம், அலபத்மம் போன்ற நாலைந்து முத்திரைகளை ரசிகரின் விரல்களிலேயே பிடித்துக் காட்டிவிட்டால், பிறகு பெயர் சொன்னாலே கை ஞாபகப்படுத்திக்கொள்ளும். தொடும் முன் இரு பக்கமும் அனுமதி கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கேட்டே ரசிப்பது தமிழ் ரசிகருக்குப் புதிதில்லை. வானொலியின் ஒலிச்சித்திரத்தில் ஒரு முழுப் படத்தை ஒரு மணி நேரத்தில் காதாலேயே பார்த்த தலைமுறைகள் இருக்கின்றன. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசனத் தட்டு ஓடிய காலமும் உண்டு. அதனால்தானோ என்னவோ, ‘அவங்களுக்கு வசனமே போதுமே’ என்று சிலர் கேட்டுவிடுகிறார்கள். ஒலிச்சித்திரத்துக்கு எந்த வசனத்தை வைப்பது, எதை வெட்டுவது என்று காதை வைத்து ஒருவர் தேர்ந்தெடுத்தார். மேடை நாடகம் கண்ணை நம்பி எழுதப்பட்டது.

செவித்திறன் குறைந்தவர்களுக்காக வசனத்தைத் திரையில் காட்டும் மேடை எழுத்துகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இரண்டு விஷயம் மட்டும். திரை மேடையை ஒட்டி இருக்க வேண்டும், அரங்கத்தின் ஓரத்தில் வைத்தால் கழுத்து வலிதான் மிச்சம். நகைச்சுவையின் கடைசி வரியை நடிகர் சொல்லும் முன் காட்டிவிடக் கூடாது, அதனால் ஒவ்வொரு வரியையும் ஓர் ஆள் உட்கார்ந்து அழுத்தித்தான் ஆக வேண்டும். எழுத்து இருக்கிறதே என்று சைகை மொழிபெயர்ப்பாளரை விட்டுவிடுவதும் தவறு. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. இரண்டு மணி நேர நாடகத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம், அவர்கள் கை மீது எப்போதும் அணையாத ஒரு விளக்கு.

வீல்சேர் ஏறும் சாய்தளம் பற்றி அரங்க நிர்வாகிகள் பெருமையாகச் சொல்வார்கள், அது பெரும்பாலும் வாசலோடு நின்றிருக்கும். மேடைக்கு ஏற வழி இருக்காது, அதாவது மாற்றுத்திறனாளி பார்க்கத்தான் வருவார், ஆட வரமாட்டார் என்று கட்டியவர் முடிவு செய்துவிட்டார். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க முடியாதவர் என்று இணைந்தே பாடிய இரட்டைப்புலவரும், பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் பாடிய மொழி இது. 1:12 சரிவு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்றால், மூன்றடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும், திரும்பும் இடத்தில் ஐந்தடிச் சதுரச் சமதளம் தனி. பக்கவாட்டில் அவ்வளவு இடம் இருக்காது என்பதால் சிறிய மின்தூக்கிதான் வழி. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்ற பேச்சே வேண்டாம். மின்சார வீல்சேர் ஆளில்லாமலேயே பெரும் கனம், தூக்கப்படுபவரின் மானம் அதைவிடக் கனம்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 29ஆம் பிரிவில், கலையை எல்லோருக்கும் எட்டும்படி செய்வதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. எட்டும் வசதிக்கான விதிமுறைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. திரையரங்கில் ஓடும் படங்களுக்கு ஒலி வர்ணனை, எழுத்து வசதி குறித்த வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அவை சினிமாவுக்கானவை. மேடையில் யாராவது தானாக இறங்கிச் செய்தால்தான் உண்டு.

பத்துப் பைசா செலவில்லாத ஒன்று இருக்கிறது, அதைத்தான் அதிகம் பேர் செய்வதில்லை. நாடக அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வெறும் படமாகப் போகிறது. பார்வையற்றவருக்குப் போனில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதை ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாள், நேரம், இடம், கட்டணம் எல்லாவற்றையும் படத்துக்குக் கீழே யூனிகோடில் தட்டச்சிட வேண்டும். நிகழ்ச்சிக் குறிப்பைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதில் தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகளாக விழும். அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பையே அனுப்பாமல், யூனிகோடு பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்பில் இவையும் இருக்க வேண்டும்: எந்தத் தேதிக் காட்சிக்கு வர்ணனை உண்டு, தொட்டுப் பார்க்கும் சுற்று எத்தனை மணிக்கு, ரிசீவர் எத்தனை, எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும், கூட வருபவருக்குக் கட்டணம் உண்டா இல்லையா, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் தன்னார்வலர் நிற்பார். கடைசியாக ஒரு தொலைபேசி எண், நாடகத்தன்று மாலை ஐந்து மணிக்கு அடித்தாலும் எடுக்கிற ஆளுடையதாக.